மதாமின் காரும் இரண்டு ஆயில் பம்புகளும்

பழைய கார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறீர்கள். வேலையை விட்ட பிறகும் என்னை அதிலிருந்து கழற்றிவிடாமல் வைத்திருப்பதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் மாதம் தவறாமல் அதில் ஒரே சண்டை. ஒரு கட்சி, ஒரிஜினல் ஆயில் பம்பைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறது. இன்னொரு கட்சி, எழுபது வருஷத்துப் பம்பைக் கட்டிக்கொண்டு அழாதே, வெளிக் கம்பெனிக்காரன் செய்த புதுப் பம்பைப் போடு என்கிறது. கடைசியில் யாராவது ஒருவர், "பாய் என்ன சொல்றார்?" என்று என்னைச் சந்திக்கு இழுத்துவிடுகிறீர்கள். கட்டைவிரலால் தட்டித் தட்டிப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். படித்துவிட்டுச் சண்டையைத் தொடருங்கள்.

எங்கள் ஒர்க்‌ஷாப் கடலோரமாக வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் எண்ணெய் பூசிய ஸ்பானரில் சாயங்காலம் துரு பூத்திருக்கும், அப்படிப்பட்ட உப்புக் காற்று. நான் ஃபோர்மேன். ஃபிட்டர் லூர்து. நாங்கள் இருவரும் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் பழைய பிரெஞ்சுக் கார்களின் வயிற்றுக்குள் கையை விட்டவர்கள். பாகங்கள் சேருமிடத்தில் ஆயில் கசியாதபடி வைக்கும் பேக்கிங்கை வெட்டுவதில் லூர்துவை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. பேக்கிங் தாளைப் பாகத்தின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே போவார். ஓட்டைகள் தானாகக் கழன்று விழும். கடையில் வாங்கியதுகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. அவருக்கும் அது தெரியும் என்பதுதான் தொல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் மதாம் செலின் தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்புக் கார், அவர் மாமனார் காலத்தது. மதாமுக்கு எழுபதைத் தாண்டிய வயது. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் பிரான்சில். கார்தான் அவருக்குக் கால். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு அதில்தான் போவார். செவ்வாய்க்கிழமை காலாப்பட்டில் ஒரு தோழி வீட்டில் சீட்டாட்டம், அதற்கும் அதில்தான். சீட்டாட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மதாமுக்குப் பூசையைவிடக் கொஞ்சம் கூடுதல் பக்தி வரும்.

அன்று அவரோடு மகனும் வந்திருந்தார். பெயர் ரெனே. லீவில் வந்தவர். கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் படுத்தபடி பளபளவென்று ஒரு புது ஆயில் பம்ப்.

பழைய பம்பில் பல்சக்கரம் தேய்ந்துபோயிருந்தது உண்மைதான். என்ஜின் சூடான பிறகு வண்டி நின்றபடி ஓடும்போது ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் கீழே படுத்துவிடும். ஆயில் பம்பின் வேலை என்ன, அடியில் தேங்கிய ஆயிலை உறிஞ்சி உராயும் இடத்துக்கெல்லாம் தள்ளுவது. முள் படுத்தால் ஓட்டுகிறவர் மனமும் படுத்துவிடும். ரெனே இணையத்தில் தேடி, ஐரோப்பாவில் ஏதோ ஒரு கம்பெனி செய்த புதுப் பம்பை வாங்கி வந்திருந்தார்.

மதாமுக்கு அது பிடிக்கவில்லை. "பாய், என் மாமனார் ஒரு தடவகூட பம்ப மாத்தல. இவன் சட்ட மாத்துற மாதிரி மாத்தச் சொல்றான்" என்றார்.

"உங்க மாமனார் பல்லுகூட மாத்தாமதான் இருந்தாரு. சோறு மெல்ல முடிஞ்சுதா?" என்றார் ரெனே.

லூர்து சிரித்துவிட்டு, மதாம் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

சரி, இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒரு பெரிய பேசினில் ஆயிலை ஊற்றி, பம்பை அதில் முக்கி, கை டிரில்லால் சுற்றினோம். பழைய பம்ப் வெற்றிலை துப்புவதுபோல் பொளக் பொளக் என்று துப்பியது. புதுப் பம்பை லூர்து சுற்றியதும் ஆயில் ஒரே பீச்சாகப் பீச்சி, எட்டத்தில் நின்ற ரெனேயின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்புவரை கோடு போட்டது. ரெனேவுக்குக் கோபமே வரவில்லை. சட்டையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தேர்தலில் ஜெயித்த மாதிரி கையைத் தூக்கினார். பக்கத்து டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் கைதட்டினோம். புதுப் பம்பைப் போடுவதென்று முடிவாயிற்று.

அதன் பிறகுதான் ரெனே உண்மையான விஷயத்தை எடுத்தார். சென்னையில் ஒருவர் காரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை வந்து எடுத்துப் போகத் தயார்.

"நீங்க தனியா ரோட்டுல போறது எனக்குப் பயமா இருக்கும்மா. வித்துடுவோம்."

"வித்துட்டு? செவ்வாக்கெழம நான் காலாப்பட்டுக்கு எப்படிப் போறது? ஆட்டோக்காரன் நாலு ஆட்டம் முடியுற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பானா?"

"சரி, ஒண்ணு பண்ணுவோம். சனிக்கெழம மரக்காணம் வரைக்கும் போயிட்டு வருவோம். நீங்களே ஓட்டுங்க. சிக்னல் தவிர வேற எங்கயும் நிக்காம வந்துட்டா கார் உங்களுது, நான் வாயத் தொறக்க மாட்டேன். நடுவுல நின்னா, திங்கக்கெழம சென்னைக்காரருக்கு."

"பம்பு நீ வாங்கினது. அதால நின்னா?"

"நின்னா நின்னதுதான்."

மதாம் என்னைப் பார்த்தார். பிறகு மகனிடம், "பேச்சுன்னா பேச்சு. பாய் பின்னாடி உக்காரட்டும், அவர்தான் சாட்சி" என்றார். சாட்சி சொல்லப் போகிறவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகை முடித்து வருவதற்குள் லூர்து பம்பை மாட்டி முடித்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேல் மூடியைத் திறந்து வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைக் காட்டினார். எண்ணெயில் மினுமினுவென்று இருந்தன. மீட்டர் முள்ளும் நிமிர்ந்து நின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். மதாம் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தோரணையில் கோட்டக்குப்பம் கடைத்தெருவே வழிவிட்டது. ரெனே முன் சீட்டில். நான் பின் சீட்டில், இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டு. மதாம் உற்சாகமாக இருந்தார். போன செவ்வாய்க்கிழமை தோழி எப்படிக் கள்ளாட்டம் ஆடினாள் என்பதைச் சீட்டுச் சீட்டாக விளக்கினார்.

கோட்டக்குப்பம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முள் நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்தே நின்றது. அதுதான் எனக்கு உறுத்தல். நம்மூர் வெயிலில் எந்தப் பழைய என்ஜினும் சூடாகச் சூடாக ஆயில் இளகும், முள் கொஞ்சமாவது இறங்கும். புதுப் பம்பாக இருந்தாலும் இறங்கத்தான் வேண்டும். இது இறங்கவில்லை. ஆயில் போக வேண்டிய எல்லா இடத்துக்கும் போனால் இவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்காது. ஏதோ ஒரு வழி அடைபட்டிருந்தால்தான் இப்படி நிற்கும்.

பிள்ளைச்சாவடி நெருங்கும்போது சத்தமும் வந்தது. பெரிய சத்தமில்லை. தையல் மெஷின் எண்ணெயில்லாமல் ஓடுகிற மாதிரி, என்ஜின் தலைமாட்டில் ராக்கர்கள் இருக்கும் இடத்திலிருந்து ஒரு வறட்டுச் சத்தம். மதாம் சீட்டுக் கதையில் மூழ்கியிருந்தார். ரெனே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது நான் மட்டும்தான்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் வாயைத் திறந்தால் மதாமுக்குக் கார் போய்விடும். திறக்காவிட்டால் என்ஜின் போய்விடும். மரக்காணம் போய்த் திரும்பிவிடலாம், ராக்கர் வெந்தாலும் வீடு வந்து சேர்ந்துவிடும், பந்தயத்தை ஜெயித்துவிட்டு அப்புறம் ரிப்பேர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொன்னது. பொய் சொல்ல மாட்டேன், அந்த மனசு நல்ல பலமாகவே சொன்னது. எனக்கு மதாமைப் பிடிக்கும். அவர் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் அந்த என்ஜினுக்கு வேறு ராக்கர்களோ அவற்றைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டோ நான் எங்கே போய்த் தேடுவேன்? ஓடாத என்ஜினோடு ஜெயித்த காரை வைத்துக்கொண்டு அவர் சீட்டாடப் போவது எப்படி?

"மதாம், ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கதையைப் பாதியில் விட்டார், கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினார், ஓரங்கட்டினார், சாவியைத் திருப்பினார். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"முள்ளு நல்லாத்தானே நிக்குது பாய்?"

"நல்லா நிக்கிறதாலதான் மதாம் நிறுத்தச் சொன்னேன்."

மதாம் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு ஏன்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோமோ என்று இருந்தது.

சூடு அடங்கியதும் மேல் மூடியைக் கழற்றினேன். ராக்கர் ஷாஃப்டில் விரலை ஓட்டினேன். விரல் ஆயில் ஒட்டாமல் ஏறக்குறையச் சுத்தமாகவே வந்தது. கடைசி இரண்டு ராக்கரில் சூட்டினால் நீலம் தட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். மீன் கூடையோடு போன ஓர் அம்மாள் நின்று எட்டிப் பார்த்து, "இன்னா மதாம், வண்டி மூச்சு வாங்குதா?" என்றார். காலாப்பட்டுச் சாலையில் மதாமைத் தெரியாதவர் கிடையாது.

"வண்டிக்குத் தாகம்" என்றார் மதாம். அந்த நேரத்திலும் அவரால் சிரிக்க முடிந்தது. பிறகு மகனைப் பார்த்து, "நின்னுடுச்சு. சென்னைக்காரருக்குச் சொல்லிடு" என்றார்.

மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லோடு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். ஸ்டியரிங்கை மதாம்தான் பிடித்தார், வேறு யாருக்கும் தரவில்லை. வழியெல்லாம் ஆட்டோவிலிருந்து மீன் தண்ணீர் கண்ணாடியில் தெறித்தது. சனியன், அந்த வாடை போக ஒரு வாரம் ஆயிற்று.

ஒர்க்‌ஷாப்பில் லூர்து அடியில் படுத்து ஆயில் தேங்கும் தொட்டியான சம்பை இறக்கினார். பம்பைக் கழற்றினார். பேக்கிங் பம்போடு வராமல் மேலே என்ஜின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் உரித்தவர் என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்து பார்த்தேன். பிளாக்கில் ஆயில் போக இரண்டு ஓட்டை. பேக்கிங்கில் ஒன்றுதான். ராக்கருக்குப் போகிற இரண்டாவது ஓட்டையை லூர்துவின் அழகான பேக்கிங் இம்மி பிசகாமல் மூடியிருந்தது.

"பாய், இந்த ஓட்ட இங்க எப்ப வந்துது?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு லூர்து."

நடந்தது இதுதான். காரின் அடியில் படுத்துக்கொண்டு, கண்ணில் தூசி விழ, தலைக்குமேல் இருக்கும் பிளாக்கில் பேக்கிங் தட்டுவது கழுத்து வலிக்கிற வேலை. அதனால் பம்பை மேஜையில் வைத்து அதன்மேல் தாளைப் போட்டுத் தட்டிவிடுவோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், நீங்களும்தான், எனக்குத் தெரியும். ஒரிஜினல் பம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பம்பின் முகமும் பிளாக்கின் முகமும் ஒன்றுக்கொன்று சரிஜோடி. பழைய பம்பின் முகத்தில் ஒரு நீண்ட பள்ளம் உண்டு, அது இரண்டு ஓட்டைக்கும் ஆயிலைக் கொண்டுபோகும். புதுப் பம்பில் அந்தப் பள்ளம் பாதியோடு நின்றிருந்தது. அதே காரில் சில வருஷம் கழித்து வந்த வேறு என்ஜினுக்குச் செய்த பம்ப் அது. அதில் ராக்கருக்கு வேறு வழி. விற்றவர், இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். போல்ட் எல்லாம் பொருந்தியது, அதுவரை அவர் சொன்னது சரி.

லூர்து பேக்கிங்கைப் பிளாக்கில் வைத்துத் தட்டியிருந்தால் தாளில் இரண்டு ஓட்டை விழுந்திருக்கும். பம்பில் ஒன்றுதானே இருக்கிறது என்று அங்கேயே கை நின்றிருக்கும். சரி, வெள்ளிக்கிழமை ராக்கர் மினுமினுத்ததே? மாட்டும்போது வறட்சியாக இருக்கக் கூடாதென்று லூர்துவே ஒரு கிண்ணம் ஆயிலை மேலே ஊற்றியிருந்தார். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அவர் ஊற்றிய ஆயில். பேசினில் வைத்துச் சுற்றியதும் அப்படித்தான். பம்பின் பலத்தைப் பார்த்தோம், கைதட்டினோம். அது எந்த வழியாகப் போகும் என்று யாரும் பார்க்கவில்லை.

மதாமுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன்ல? பழசையே போடுங்க பாய்."

அதற்கும் நான் தலையாட்டவில்லை. பழைய பம்பில் பள்ளம் சரியாக இருந்தது, உள்ளே உயிர் இல்லை. மூடியை வேண்டுமானால் கண்ணாடிப் பலகையில் தேய்த்துச் சமன் செய்யலாம். சக்கரம் சுற்றுகிற குழியே தேய்ந்து அகன்றிருந்தது, அதற்கு என்ன செய்வது? புதியதில் உள்வேலை அருமை, முகம்தான் தப்பு. அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்பிரிங்கும் அதில் தேவைக்கு மேல் விறைப்பு. ஆகவே பழைய பம்பைப் பார்த்துப் புதியதில் பள்ளத்தை லேத் பட்டறையில் நீட்டினோம். பழைய ஸ்பிரிங்கை அளந்து பார்த்து, நன்றாக இருந்ததால் அதையே போட்டோம். இந்த முறை லூர்து அடியில் படுத்து, பிளாக்கின் முகத்தில் கிரீஸ் தடவி, தாளை அழுத்தி அச்செடுத்து வெட்டினார். இடையிடையே கழுத்தைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார். ராக்கரில் ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதாம் மகனோடு நேராக வந்தார். மேல் மூடியைத் திறந்து வைத்தே என்ஜினை ஓடவிட்டோம். நாலு பேரும் குனிந்து பார்த்தோம். வறண்டு கிடந்த ராக்கர்களில் முதலாவதில் ஒரு சொட்டு ஊறியது. அடுத்ததில். அதற்கடுத்ததில். கடைசி ராக்கர் கொஞ்சம் அடம் பிடித்தது. அதிலும் ஊறியபோது லூர்து சிலுவை போட்டுக்கொண்டார், நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். என்ஜின் சூடானதும் முள் மெதுவாக இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. முள் இறங்கியதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றுதான்.

மதாம் காரின் மட்கார்டைத் தட்டிக்கொடுத்தார். "போற எடத்துலயும் இப்படியே ஓடட்டும்" என்றார். நானும் லூர்துவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டோம். நான் நிறுத்தச் சொன்னது சரிதான், அதில் சந்தேகமில்லை. சரியானதைச் செய்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று யார் சொன்னது?

திங்கட்கிழமை சென்னைக்காரர் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மதாம் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மகனிடம் நீட்டினார். ரெனே அதை வாங்கிக்கொண்டு, "மன்னிக்கணும் சார், கார் விக்கிறதா இல்ல. உங்கள அலைய வெச்சிட்டேன்" என்றார். சென்னைக்காரர் என்னை முறைத்தார், ஏதோ நான்தான் கலைத்துவிட்ட மாதிரி. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மிசியே, வழியில நின்னா விக்கிறதுன்னுதானே பேச்சு? நின்னுதே?" என்று கேட்டேன்.

ரெனே சாவியைக் கையில் உருட்டியபடி சொன்னார்: "போன வருஷம் ரேடியேட்டர் கொதிச்சு ஆவி வந்துச்சாம் பாய். யாருக்கும் தொந்தரவு வேணாம்னு அம்மா வீடு வரைக்கும் அப்படியே ஓட்டிட்டு வந்திருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரர் போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். கார் நிக்கும்னு நான் பயப்படல. இவங்க நிறுத்த மாட்டாங்கன்னுதான் பயந்தேன். சனிக்கெழம கார் போயிடும்னு தெரிஞ்சும், நீங்க சொன்ன ஒடனே நிறுத்தினாங்க. அது போதும் எனக்கு."

மதாம் எட்டி மகன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா வாசல்லயே நிறுத்திக் காட்டியிருப்பேனேடா" என்றார்.